மார்கழியில் ஹீட் பம்ப் மக்கர் செய்தால்: மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பார்க்க வேண்டியவை

வேலூர் பக்கம் ஹீட் பம்ப் என்றால் மொட்டை மாடியிலோ பின்கட்டிலோ நிற்கிற வெந்நீர் மிஷின்தான். குளிர் நாடுகளில் இதே தத்துவத்தில் வீட்டையே சூடாக்குகிறார்கள், நமக்கு அந்தப் பாடு கிடையாது. மார்கழியில் விடியற்காலை குழாயைத் திறந்தால் வெந்நீர் வர வேண்டும், அவ்வளவுதான். அது வராமல் போனால் எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடக் கூடாது என்று புதிதாக வாங்கியவர்களுக்காக எழுதுகிறேன்.

மிஷின் செய்கிற வேலையைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது அல்லவா, இது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்து டேங்கில் இருக்கும் தண்ணீருக்குள் தள்ளுகிறது. ஃபேன் காற்றை இழுக்கும், காயில் (மெல்லிய தகடுகள் கோர்த்த குழாய்ச் சுருள்) அதிலிருந்து சூட்டை வாங்கும், கம்ப்ரசர் அதை அழுத்திச் சூட்டை ஏற்றும், டேங்கைச் சுற்றி ஓடும் குழாய் தண்ணீருக்குக் கொடுக்கும். சூட்டை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால்தான் 1 யூனிட் கரண்டில் ஏறக்குறைய 3 யூனிட் சூடு கிடைக்கிறது. காற்று குளிர்ந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் இறங்கும். பெரும்பாலான மாடல்களில் துணைக்கு ஒரு ஹீட்டர் ராடும் இருக்கும், கீஸரில் இருப்பது போலவே, அதற்கு 1 யூனிட்டுக்கு 1 யூனிட்தான்.

இன்னொன்று. யூடியூபில் தேடினால் கனடா, ஜெர்மனி ஆட்களின் வீடியோக்கள் வரிசை கட்டி நிற்கும். ஐஸ் கட்டுவது சகஜம், அதுவே உருக்கிக்கொள்ளும், கவலைப்படாதீர்கள் என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. நம் ஊரில் ஜனவரி இரவுகூட சாதாரணமாக 17, 18 டிகிரியோடு நின்றுவிடும், மதியம் 29, 30 வரை ஏறும். காயில் வெளிக்காற்றைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருந்தாலும் பனிக்கட்டி உறையும் நிலைக்கு வராது. ஆகவே வேலூரில், காட்பாடியில், குடியாத்தத்தில் உங்கள் மிஷின் காயிலில் ஐஸ் பார்த்தீர்கள் என்றால் அது கோளாறுதான். ஐஸ் இல்லாமல், வெந்நீர் மட்டும் போதவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மிஷினுக்கு வெளியேதான் இருக்கும்: தண்ணீரில், கரண்டில், காற்றில், பைப்பில். அந்த வரிசையிலேயே பார்க்கலாம்.

முதலில்: இது கோளாறா, குளிர்காலமா?

"மே மாசத்துல நாலு பேரும் குளிச்சிட்டு மிச்சம் இருந்துச்சு, இப்ப மூணாவது ஆளுக்கே பச்சைத் தண்ணியா வருது" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் புகார். இதில் மிஷின் மேல் குற்றமே இல்லாமல் இருக்கலாம். மே மாதம் மாடி டேங்கில் தண்ணீரே 33 டிகிரி இருக்கும், மார்கழியில் விடியற்காலை 21க்கு வந்துவிடும். 40 டிகிரி சூட்டில் 20 லிட்டர் பக்கெட் ஒன்றை நிரப்ப, மிஷின் டேங்கில் 55 டிகிரி வெந்நீர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மே மாதம் வெந்நீர் ஆறரை லிட்டர் போதும், மார்கழியில் 11 லிட்டர் வேண்டும். டேங்க் அதேதான், ஆனால் ஒவ்வொருவரும் எடுப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது. (வீட்டில் சபரிமலைக்கு மாலை போட்டவர் இருந்தால் கொஞ்சம் ஆறுதல், அவர் பச்சைத் தண்ணீரிலேயே குளித்துவிடுவார்.)

சூடாகிற நேரமும் அப்படித்தான். 200 லிட்டரை 33லிருந்து 55க்கு ஏற்ற 5 யூனிட் சொச்சம் சூடு போதும், 21லிருந்து ஏற்ற 8 யூனிட் கிட்ட வேண்டும். மிஷின் மணிக்கு 2 யூனிட் சூடு கொடுக்கிறது என்றால் இரண்டரை மணி நேர வேலை நான்கு மணி நேரம் ஆகும். காற்றும் குளிர்ந்திருப்பதால் அதற்கு மேலும் கொஞ்சம் இழுக்கும். எனவே கோடையில் வைத்த டைமரை அப்படியே விட்டிருந்தால் மிஷின் பாதி வேலையில் நின்றுவிடும்.

செய்ய வேண்டியது எளிது. செட் செய்த சூட்டைப் பாருங்கள், 45, 50 என்று இருந்தால் 55க்கு ஏற்றுங்கள். டைமரை நீட்டுங்கள். அதைவிட முக்கியம், டைமரை மதியத்துக்கு மாற்றுங்கள். நிறைய பேர் விடியற்காலை 3 மணிக்கு வைக்கிறார்கள், கீஸர் பழக்கம். நாளிலேயே குளிர்ந்த காற்று அப்போதுதான் இருக்கும். அந்தக் காற்றிலிருந்து சூட்டை இழுக்கச் சொல்வது மிஷினுக்கும் கஷ்டம், மீட்டருக்கும் கஷ்டம். மதியம் 12லிருந்து 4 வரை ஓடவிட்டால் 29 டிகிரி காற்று கிடைக்கிறது, வேலை சீக்கிரம் முடிகிறது, டேங்கின் உறை நன்றாக இருந்தால் மறுநாள் காலைவரை சில டிகிரிதான் இறங்கும். மாடியில் சோலார் பேனல் வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டை லாபம்.

இரண்டாவது: கரண்டும் செட்டிங்கும்

டிஸ்பிளே எரிகிறதா? எரியவில்லை என்றால் எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானே இறங்கிக் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இறங்கியிருக்கிறதா பாருங்கள். ஒருமுறை ஏற்றிப் பாருங்கள், உடனே மறுபடி இறங்கினால் திரும்பத் திரும்ப ஏற்றாதீர்கள். ஹீட்டர் ராடில் கரண்ட் லீக்கேஜ், வயரில் ஈரம் என்று ஏதோ இருக்கிறது, அது எலக்ட்ரீஷியன் வேலை. 16 ஆம்பியர் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள் (ஸ்விட்சை அணைத்த பிறகு), சூடாகவோ பழுப்பேறியோ இருந்தால் சாக்கெட் லூஸ், மாற்றிவிட வேண்டும்.

கரண்ட் போய் வந்தால் சில மாடல்களில் கடிகாரம் நின்ற இடத்தில் நிற்கும் அல்லது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். டைமர் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் மிஷின் தன் கணக்கில் மதியம் என்று நினைத்துக்கொண்டு நடு இரவில் ஓடும். கரண்ட் கட்டுக்கு அடுத்த நாள் வெந்நீர் இல்லை என்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மோடையும் பாருங்கள்: ஈகோ (கம்ப்ரசர் மட்டும்), ஹைபிரிட் (கம்ப்ரசரோடு ராடும்), எலக்ட்ரிக் (ராடு மட்டும்), வெகேஷன் (ஊரில் இல்லாத நாட்களுக்கு) என்று இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வெகேஷனில் போட்டுவிட்டு வந்து மறந்திருப்பார்கள்.

ஆன் செய்ததும் ஓடவில்லை என்று பதறாதீர்கள், கம்ப்ரசரைக் காப்பாற்ற மூன்று நிமிடம் போலக் காத்திருந்துதான் கிளம்பும். அதற்குள் ஆஃப், ஆன் என்று தட்டிக்கொண்டே இருந்தால் அது கிளம்பவே கிளம்பாது. வோல்டேஜ் 180க்குக் கீழே இறங்கினாலும் பல மிஷின்கள் ஓட மறுக்கும், தெருக் கோடியில் வீடு என்றால் ஸ்டெபிலைசர் தேவைப்படலாம். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் இதைக் கோர்க்க வேண்டாம்.

ஏதாவது எர்ரர் கோட் காட்டினால் அணைப்பதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே எண்ணுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு அர்த்தம், உங்கள் மாடலின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு நல்ல சோதனை. ஓடுவது கம்ப்ரசரா, ராடா என்று ஈ.பி. மீட்டரே சொல்லிவிடும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள், ஃபிரிட்ஜ், ஃபேன், வைஃபை உட்பட. மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னும், அருகிலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று போட்டிருந்தால், ஒரு நிமிடத்தில் 30 முறை சுமாருக்கு மின்னினால் 600 வாட் வரை இழுக்கிறது, அதாவது கம்ப்ரசர் மட்டும். நூறைத் தாண்டினால் 2000 வாட் ராடு ஓடுகிறது. ஈகோவில் போட்டும் நூறு மின்னினால், கம்ப்ரசர் படுத்துவிட்டு ராடு மட்டும் வேலை பார்க்கிறது என்று பொருள். வெந்நீர் வரும், ஆகவே யாருக்கும் சந்தேகம் வராது, பில் வரும்போதுதான் தெரியும். நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று, இலவச யூனிட் எல்லாம் சரி, 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாபே (கட்டண அடுக்கே) மாறிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: காற்று

இதுதான் நம் ஊரில் முதல் குற்றவாளி. காயிலின் வழியாகக் காற்று தாராளமாகப் போகவில்லை என்றால் இழுக்கச் சூடே இல்லை.

சத்துவாச்சாரியில் அத்தை வீட்டில் மிஷின் சூடாக்கவே இல்லை என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால் தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். "யார் அத்தை இதை மூடினது?" என்றேன். "நான்தான்டா. ராத்திரி பனி கொட்டுது, மிஷின் கெட்டுப் போயிடாது?" என்றார். அவிழ்த்துவிட்டோம், சாயங்காலம் வெந்நீர் வந்துவிட்டது. மிஷினுக்கு மேலே தகரக் கூரை போட்டால் நல்லது, நாலு பக்கமும் மூடினால் கெட்டது. சின்ன அறைக்குள் வைத்து ஜன்னலையும் சாத்திவிட்டால், தான் ஊதிய குளிர்காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டு ஓடும். காற்று உள்ளே போகும் பக்கமும் வெளியே வரும் பக்கமும் திறந்திருக்க வேண்டும், எதிரே துணி காயப்போடும் கொடிகூட இருக்கக் கூடாது.

ஓடும்போது வெளியே வரும் காற்றில் கை வையுங்கள். சுற்றியிருக்கும் காற்றைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருந்தால் மிஷின் வேலை செய்கிறது. ஒரே சூட்டில் இருந்தால் ஃபேன் மட்டும் சுற்றுகிறது, கம்ப்ரசர் ஓடவில்லை, அல்லது குழாய்க்குள் சுற்றிச் சூட்டைச் சுமக்கும் கேஸ் போய்விட்டது. காற்றே மந்தமாக வந்தால் காயில் அடைப்பு.

சுத்தம் செய்வது இப்படி: எம்.சி.பி.யை இறக்குங்கள், ஸ்விட்ச் மட்டும் போதாது. ஃபில்டர் இருந்தால் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள். காயிலின் மெல்லிய தகடுகளை மெத்தென்ற பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மட்டும் தேயுங்கள், குறுக்கே தேய்த்தால் மடங்கிவிடும், விரலையும் கிழிக்கும். பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விடுங்கள். கார் கழுவும் பிரஷர் பம்ப் வேண்டவே வேண்டாம். எலக்ட்ரிக் பெட்டிப் பக்கம் தண்ணீர் படக் கூடாது. போகிக்கு மறுநாள் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, தெருவெல்லாம் எரித்த கரி தூள் காயிலில் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு மாவு மாதிரி படிந்துவிடும். டார்ச் அடித்து உள்ளேயும் பாருங்கள்: குளவிக்கூடு, அணில் கொண்டுவந்து அடைத்த நார், பல்லி. பல்லி போர்டில் ஏறி இரண்டு முனைகளைத் தொட்டால் அதுவும் போகும், போர்டும் போகும். வயர் நுழையும் ஓட்டைகளை அடைத்து வைக்கச் சொல்லுங்கள்.

நான்காவது: தண்ணீர், பைப்

மிஷினுக்குக் கீழே ஈரமாக இருந்தால் டேங்க் ஓட்டை என்று முடிவு கட்டாதீர்கள். குளிர்ந்த காயிலில் காற்றின் ஈரம் பட்டுச் சொட்டுவது இயல்பு, ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அதிகமாகவே சொட்டும். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். காயிலிலிருந்து வருவது குளிர்ந்திருக்கும், காய்ந்தால் தரையில் அடையாளமே இருக்காது. டேங்கிலிருந்தோ சேஃப்டி வால்விலிருந்தோ வருவது வெதுவெதுப்பாக இருக்கும், காய்ந்தால் வெள்ளையாக உப்புத் தடம் விடும். நம் ஊர் போர் தண்ணீர் அந்த விஷயத்தில் பொய் சொல்லாது. தடம் இருந்தால் மெக்கானிக், இல்லையென்றால் அந்தச் சொட்டு வெளியேறும் டிரெய்ன் ட்யூபில் பாசியோ எறும்பு மண்ணோ அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள்.

டேங்க் சூடாக இருக்கிறது, குழாயில் மட்டும் வெதுவெதுப்பு என்றால் பச்சைத் தண்ணீர் எங்கோ கலக்கிறது. மிக்சர் (வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் பாத்ரூம் குழாய்) ஏதாவது ஒன்றின் உள்வால்வு தேய்ந்திருக்கும், அல்லது மிக்சரின் இரண்டு திருகும் திறந்தபடி ஷவர் நுனியில் மட்டும் அடைத்திருப்பார்கள், அப்போது பச்சைத் தண்ணீர் பின்வழியாக வெந்நீர் லைனுக்குள் நுழைந்துவிடும். கண்டுபிடிக்க: டேங்குக்குப் பச்சைத் தண்ணீர் போகும் வால்வை அடைத்துவிட்டு வீட்டில் ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து விடுங்கள். ஒரு நிமிடத்தில் தண்ணீர் நின்றால் லைன் சரி. தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் கலப்பு இருக்கிறது. ஒவ்வொரு பாத்ரூம் மிக்சராகக் கீழுள்ள ஆங்கிள் வால்வை அடைத்துக்கொண்டு வாருங்கள், எதை அடைத்ததும் நிற்கிறதோ அதுதான் ஆள். சோதனை முடிந்ததும் டேங்க் வால்வைத் திறக்க மறக்காதீர்கள். இந்த ஒரு சோதனைக்காகவே ஒரு சர்வீஸ் கட்டணம் மிச்சமாகும்.

மாடியிலிருந்து கீழ் பாத்ரூமுக்கு 15 மீட்டர் பைப் ஓடினால் அதற்குள்ளேயே சுமார் 4 லிட்டர் தண்ணீர் நிற்கும். இரவெல்லாம் ஆறிப்போன அதுதான் காலையில் முதலில் வரும். கோளாறு இல்லை, பக்கெட்டில் பிடித்துத் துணி ஊறப்போடுங்கள். பைப்புக்குக் கறுப்பு ஃபோம் உறை போட்டால் ஒருவர் குளித்து அடுத்தவர் போகும் இடைவெளியில் சூடு தங்கும், ஏ.சி. சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். வெயிலில் ஓடும் இடத்தில் உறையின் மேல் டேப்பும் சுற்றுங்கள், இல்லையென்றால் நம் ஊர் கத்தரியில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

உப்பு விஷயம் வருடாந்திரம். டேங்குக்குள் மெக்னீசியத்தில் ஒரு ஆனோட் ராடு இருக்கும், டேங்கின் இரும்பை அரிக்க வேண்டிய தண்ணீர் அதற்குப் பதில் இதை அரித்துக்கொண்டிருக்கும். தண்ணீரில் உப்பு கூடக் கூட இது சீக்கிரம் கரையும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை பக்கத்து நிலத்தடி நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையைக் கெடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அந்தப் பக்கம் போர் தண்ணீரை டேங்கில் ஏற்றுகிறவர்கள் வருடம் ஒருமுறை ஆனோடைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், உள்ளே இருக்கும் கம்பி தெரிந்தால் மாற்ற வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீடுகளுக்குக் கொஞ்சம் தாங்கும்.

அடியில் தேங்கும் சுண்ணாம்பு மண்டியையும் அதே சமயம் வெளியேற்றுங்கள்: எம்.சி.பி. இறக்கி, தண்ணீர் ஆறியதும், உள்ளே வரும் வால்வை அடைத்து, ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே டிரெய்ன் வால்வைத் திறவுங்கள். வெள்ளைக் குருணை நிற்கும்வரை அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசுங்கள். திரும்ப டேங்க் நிரம்பி, திறந்த குழாயில் காற்று இல்லாமல் தண்ணீர் வந்த பிறகுதான் கரண்ட். காலி டேங்கில் ராடு ஓடினால் எரிந்துபோகும்.

மெக்கானிக் வந்தால்

மேலே சொன்னதெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை, அல்லது ஐஸ் கட்டுகிறது, கம்ப்ரசர் ஓடியும் காற்று குளிரவில்லை என்றால் கூப்பிட்டுவிடுங்கள். வந்தவர் பார்த்த மாத்திரத்தில் "கேஸ் கம்மி சார், ஃபில் பண்ணிடலாம்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற சாமான் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தது என்றால் எங்கோ லீக். "எங்கே லீக் அண்ணே?" என்று கேளுங்கள், அடைத்த பிறகு வேக்யூம் போடுவீர்களா (குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது), மிஷின் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்குக்கு எடை போட்டு ஏற்றுவீர்களா என்றும் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஸ்டிக்கரில் ஆர்-290 என்றோ ஆர்-32 என்றோ இருந்தால் அது தீப்பிடிக்கக்கூடிய கேஸ், அதற்குப் பழகிய ஆள்தான் தொட வேண்டும். பில் இருந்தால் எடுத்து வையுங்கள், மிஷின், கம்ப்ரசர், டேங்க் மூன்றுக்கும் வாரண்டி வருடம் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கும். ஆனோடைப் பார்க்காமல் விட்டதைக் காரணம் காட்டி டேங்க் வாரண்டியை மறுப்பதும் உண்டு, எனவே பார்த்த தேதியோடு சர்வீஸ் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ வீடு, தங்கும் விடுதி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. ஆயிரம் மீட்டருக்கு மேலே இரவு கீழ்நாட்டைவிட நன்றாகவே குளிரும், கடுங்குளிர் விடியலில் காயிலில் லேசாக வெள்ளை பூத்தால், மிஷின் ஃபேனை நிறுத்தி, புஸ்ஸென்று சத்தம் போட்டு, ஆவி விட்டு, கொஞ்ச நேரத்தில் தானே உருக்கிக்கொண்டு மறுபடி ஓடினால் அது டீஃப்ராஸ்ட், விட்டுவிடலாம். கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ சுரண்ட வேண்டாம், வெந்நீர் ஊற்றவும் வேண்டாம். வெயில் ஏறிய பிறகும் ஐஸ் அப்படியே நின்றால், அல்லது காயிலின் ஒரு மூலையில் மட்டும் கெட்டியாகக் கட்டியிருந்தால், மலையானாலும் கீழ்நாடானாலும் அது கேஸ் லீக்கோ ஃபேன் கோளாறோதான். மிஷினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அதுவரை உங்கள் மாடலில் எலக்ட்ரிக் மோடு தனியாக ஓடும் என்றால் ராடில் ஓட்டிக்கொள்ளலாம்.